கால்சியம் ரியாக்டர்: அமைப்பது, ஓட்டுவது, மக்கர் செய்தால் சரிசெய்வது

அக்ரோபோரா, மான்டிபோரா போன்ற கல் பவளங்கள் வளர வளர, கடல் மீன்தொட்டியின் நீரிலுள்ள கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் எடுத்து அரகோனைட் என்ற சுண்ணாம்புக் கல்லாகக் கட்டிக்கொள்கின்றன. கால்சியம் ரியாக்டர் இதைத் தலைகீழாகச் செய்கிறது. பழைய பவளத் துண்டுகளை ஒரு குழாய் போன்ற கலத்தில் நிரப்பி, கரியமில வாயுவைச் செலுத்தி, அதற்குள் ஓடும் நீரை லேசாக அமிலமாக்கினால் அந்தக் கல் கரையும். பவளம் எடுத்துக்கொண்ட அதே பொருள்கள் அதே விகிதத்தில் நீருக்குத் திரும்பி வரும்.

இந்தக் கருவியைப் பற்றிப் பயமுறுத்தும் பேச்சு நிறைய உண்டு. ஆனால் இதில் நாம் திருகுவதற்கு இரண்டே இடங்கள்தான்: ஒன்று உள்ளே போகும் நீர், மற்றொன்று உள்ளே போகும் வாயு. நான் பார்த்த சிக்கல்களில் பாதிக்கு மேல், இரண்டையும் ஒரே நாளில் திருகியதால் வந்தவை. நீரோட்டத்தை அசையாமல் நிறுத்திக்கொள்ளுங்கள். வாயுவை மட்டும் மெல்ல மாற்றுங்கள். சரியா தவறா என்பதைத் தொட்டியின் கேஎச் (நீரின் கார்பனேட் காரத்தன்மை) அளவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கீழே வருவதெல்லாம் இதன் விரிவுதான்.

உங்கள் தொட்டிக்கு இது வேண்டுமா?

மென்பவளங்கள் மட்டும் இருக்கும் தொட்டிக்கு வேண்டாம். வாரந்தோறும் நீர் மாற்றினாலே போதும். சிறிய தொட்டியில் ஒருசில கல் பவளங்கள் இருந்தால் கால்சியம், காரம் என்று இரண்டு பாட்டில் கரைசல்களை அளந்து ஊற்றுவது எளிது, செலவும் குறைவு. பெரிய தொட்டி, நிறையக் கல் பவளங்கள், தினமும் கேஎச்சில் 1 டிகேஎச் (அதை அளக்கும் அலகு) அல்லது அதற்கு மேல் இறக்கம் என்ற நிலை வந்த பிறகுதான் ரியாக்டர் அதன் விலைக்கு ஈடாக உழைக்கும்.

முடிவெடுக்கும் முன் ஒரு வேலை. ஐந்து நாள், தினமும் ஒரே நேரத்தில், கேஎச் அளந்து எழுதுங்கள். அந்த நாட்களில் எதையும் சேர்க்காதீர்கள், 6.5-க்குக் கீழே போகும்போல இருந்தால் மட்டும் அத்துடன் நிறுத்திவிடுங்கள். ஒரு நாளுக்கு எவ்வளவு இறங்குகிறது என்ற அந்த ஒற்றை எண் இல்லாமல் ரியாக்டரை ஓட்டுவது இருட்டில் ஊசி கோர்ப்பது போல.

இன்னொன்று. ரியாக்டர் இருக்கும் அளவைத் தாங்கிப் பிடிக்கும் கருவி. விழுந்துவிட்ட அளவைத் தூக்கி நிறுத்த அது சரிப்படாது. ஆகவே முதலில் உப்புச் செறிவை 35 பிபிடிக்கு (ஆயிரத்தில் 35 பங்கு) கொண்டு வாருங்கள். பிறகு கால்சியத்தை 400 முதல் 450 பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்பது), கேஎச்சை 7 முதல் 9, மெக்னீசியத்தை 1250 முதல் 1350 பிபிஎம் என்ற எல்லைக்குள் கரைசல்கள் கொண்டு சரிசெய்யுங்கள். அதன் பிறகே ரியாக்டரின் சுவிட்சில் கை வைக்க வேண்டும்.

கணக்கு

400 லிட்டர் நீர் உள்ள தொட்டி என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 1.5 டிகேஎச் இறங்குகிறது. 400-ஐ 1.5-ஆல் பெருக்கினால் 600. இதுதான் ரியாக்டர் தினமும் தர வேண்டிய அளவு.

ரியாக்டரிலிருந்து வெளியேறும் நீரின் கேஎச் பொதுவாக 20 முதல் 40 வரை இருக்கும். 30 என்று கொள்வோம். தொட்டி நீரில் ஏற்கெனவே 8 இருப்பதால், ஒவ்வொரு லிட்டரும் கூடுதலாகக் கொண்டு வருவது 22 மட்டுமே. 600-ஐ 22-ஆல் வகுத்தால் நாளுக்கு ஏறத்தாழ 27 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 19 மில்லி. உங்கள் பம்ப்பை இந்த எண்ணில் வையுங்கள். பலரும் தொடக்கத்தில் கண்மதிப்பாகச் சொட்டு எண்ணுகிறார்கள். அளவு ஜாடியும் கடிகாரமும் கொண்டு அளப்பதற்கு மூன்று நிமிடம்கூட ஆகாது.

இதே கணக்கு இன்னொன்றும் சொல்லும். இந்தத் தொட்டி தினமும் கரைக்கும் கல் சுமார் 10.7 கிராம். ஒரு கிலோ மீடியா, அதாவது கலத்தில் நிரப்பும் பவளத் துண்டுகள், மூன்று மாதம் தாங்கும். அதைக் கரைக்கக் காகிதக் கணக்கில் நாளுக்கு 4.7 கிராம் கரியமில வாயு வேண்டும். கல்லைக் கரைக்காமல் நீரோடு வெளியே போவதையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். ஆக, 2 கிலோ சிலிண்டர் பல மாதங்கள் வர வேண்டும். ஒரே மாதத்தில் காலியானால், வாயு கலத்துக்குப் போகவில்லை, எங்கோ கசிகிறது.

பொருள்களில் எதில் கஞ்சத்தனம் கூடாது

கலம் எந்த நிறுவனத்தினுடையது என்பதில் பெரிய வேறுபாடு இல்லை. மூடி இறுக்கமாக உட்கார வேண்டும், ஓ-ரிங் (மூடியின் ரப்பர் வளையம்) எளிதில் கிடைக்க வேண்டும், பிஎச் ப்ரோப் (பிஎச் அளக்கும் முனை) செருக இடம் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

பணம் போட வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று ரெகுலேட்டர், அதாவது சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் கருவி. இரண்டு நிலை கொண்டதை, அதாவது அழுத்தத்தை இரண்டு கட்டமாகக் குறைப்பதை, வாங்குங்கள். சிலிண்டருக்குள் கரியமில வாயு திரவமாக இருக்கும் வரை அழுத்தம் அறை வெப்பத்தில் 60 பார் அளவிலேயே நிற்கும். திரவம் தீர்ந்ததும் மளமளவென்று இறங்கும். அப்போது ஒற்றை நிலை ரெகுலேட்டரின் வெளியேறும் அழுத்தம் தானாக ஏறி, குமிழ்கள் கொட்டத் தொடங்கிவிடும். எனக்கு இது ஒரு இரவில் நடந்தது. காலையில் தொட்டியின் பிஎச் 7.6-இல் இருந்தது, கலத்துக்குள் மீடியா சேறாகக் கிடந்தது. அதிலிருந்து மீண்டு வர அந்த அக்ரோபோராக்களுக்கு மாதங்கள் ஆயின. இரண்டு நிலை ரெகுலேட்டரில் இந்த ஆபத்து மிகக் குறைவு.

மற்றொன்று நீர் செலுத்தும் பம்ப். ரிட்டர்ன் பம்ப்பிலிருந்து (நீரைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் பம்ப்) ஒரு கிளைக் குழாய் எடுத்து, சிறு வால்வால் கட்டுப்படுத்தி ஓட்டுவது பழைய வழக்கம். அந்த வால்வில் சிறு அழுக்கு சேர்ந்தாலே ஓட்டம் மாறிவிடும். நாள் முழுக்க ஓடத் தக்க பெரிஸ்டால்டிக் பம்ப் (உள்குழாயை உருளைகளால் அழுத்தி நீரை அளவாகத் தள்ளுவது) இருந்தால் 19 மில்லி என்று வைத்தது 19-ஆகவே நிற்கும். நீரோட்டத்தை அசையாமல் வைக்க வேண்டும் என்று மேலே சொன்னதை நடைமுறையில் சாத்தியமாக்குவது இந்த ஒரு பம்ப்தான்.

வாயுக் குழாய்க்கு சிலிக்கான் வேண்டாம். அதன் சுவர் வழியாகவே கரியமில வாயு கசிந்து போய்விடும். பாலியூரித்தேன் குழாய் வாங்குங்கள். மீடியாவில் பெரிய துண்டுகளாக வருவதை எடுங்கள். பொடி மலிவாகக் கிடைக்கும், ஆனால் இறுகிப்போய் நீர் ஒரே பக்கமாக வழி பிடித்துக்கொள்ளும்.

பொருத்துதல்

மீடியாவை ஆர்ஓ நீரில் கலங்கல் தெளியும் வரை கழுவுங்கள். கலத்தின் அடியிலும் மேலும் பெரிய துளையுள்ள ஸ்பாஞ்ச் வைத்து, நடுவில் மீடியாவை நிரப்புங்கள். விளிம்பு வரை திணிக்காதீர்கள். மேலே இரண்டு விரல் இடைவெளி இருந்தால் தேங்கும் வாயு கண்ணுக்குத் தெரியும். ஓ-ரிங்கில் ஒரு மணல் துகள்கூட இருக்கக் கூடாது. விரலால் தடவிப் பார்த்து, சிலிக்கான் கிரீஸ் மெல்லப் பூசி மூடுங்கள். திருகுகளை எதிரெதிராக, சமமாக இறுக்குங்கள்.

நீர் வரும் பம்ப்பை உள்ளே தள்ளும் பக்கத்தில் வைப்பதா, வெளியே இழுக்கும் பக்கத்தில் வைப்பதா என்று கேட்பார்கள். இரண்டும் வேலை செய்யும். தள்ளினால், வெளியேறும் குழாய் அடைபடும்போது கலத்தில் அழுத்தம் ஏறி மூடி கசியும். இழுத்தால், கசிவு வெளியே தெரியாமல் காற்று உள்ளே போய்த் தேங்கும். கசிவு கண்ணில் படுவதே நல்லது என்பதால் நான் தள்ளும் பக்கம்தான் வைக்கிறேன். அதற்கு ஈடாக, ரியாக்டரை சம்ப்புக்குள்ளேயோ (தொட்டியோடு இணைந்த துணைத் தொட்டி) சம்ப்புக்கு மேலேயோ வைத்துவிட்டால் கசியும் நீரும் தொட்டிக்கே திரும்பிவிடும்.

வாயு, கலத்துக்குள் நீரைச் சுழற்றும் சுழற்சி பம்ப்பின் உறிஞ்சும் வாய்க்கருகில் நுழைய வேண்டும். அங்கே பம்ப்பின் சுழலி அதை நுண்குமிழ்களாக நொறுக்கும். வாயுக் குழாயில் ரெகுலேட்டர், சோலனாய்டு (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு), நீடில் வால்வு (வாயுவை நுணுக்கமாக அளவிடும் வால்வு), குமிழ் எண்ணும் குப்பி, செக் வால்வு (ஒரு திசையில் மட்டும் விடுவது), கலம் என்ற வரிசை மாறக் கூடாது. செக் வால்வை வாயால் ஊதிப் பார்த்துத் திசையை உறுதி செய்யுங்கள். தலைகீழாகப் பொருத்தினால் வாயு உள்ளே போகாது. பொருத்தாமல் விட்டால் ஒரு நாள் உப்பு நீர் பின்வாங்கி ரெகுலேட்டரைத் தின்றுவிடும். குப்பியில் நீருக்குப் பதில் கிளிசரின் ஊற்றினால் அடிக்கடி வற்றாது.

சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும், சுவரோடு கட்டியிருக்க வேண்டும். படுக்க வைத்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் ஏறும். ரெகுலேட்டரை ஸ்பேனர் கொண்டு இறுக்குங்கள். நடுவில் இருக்கும் வாஷரை மறந்துவிடாதீர்கள். நீடில் வால்வை மூடி, அழுத்தத் திருகைத் தளர்த்திய பிறகே சிலிண்டரை மெல்லத் திறக்க வேண்டும். வெளியேறும் அழுத்தத்தை 1 பார் அளவில் வைத்து, எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கும். காற்றோட்டம் இல்லாத சிறு அறையிலும் மூடிய அலமாரியிலும் சிலிண்டரை வைப்பது உயிருக்கு ஆபத்து. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

முதல் இரண்டு வாரம்

முதல் நாள் வாயு இல்லாமல் நீரை மட்டும் ஓட விடுங்கள். கலத்தைச் சாய்த்துச் சாய்த்து உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். காகிதத் துணியை அடியில் வைத்தால் சிறு கசிவும் காட்டிக்கொடுக்கும். தொடக்கத்தில் வரும் கலங்கிய நீரைத் தொட்டியில் விடாமல் வாளியில் பிடித்துக் கொட்டிவிடுங்கள்.

பிஎச் ப்ரோப்பை பிஎச் 7, 4 என்ற இரண்டு பஃபர்களில் (பிஎச் தெரிந்த கரைசல்கள்) சரிபார்த்து, கலத்திலேயே செருகுங்கள். வெளியேறும் நீரைக் கோப்பையில் பிடித்து அளப்பவர்கள் உண்டு. அங்கே வாயு பறந்துவிடுவதால் பிஎச் உயர்வாகக் காட்டும், அதை நம்பி வாயுவைக் கூட்டிவிடுவார்கள்.

இரண்டாம் நாள் நிமிடத்துக்கு 10 முதல் 15 குமிழ். அவ்வளவே. பிஎச் மெல்ல இறங்கும்; ஆறேழு மணி நேரம் கழித்துத்தான் அது எங்கே நிலைக்கப் பார்க்கிறது என்று தெரியும். அரகோனைட் மீடியாவுக்கு 6.6 முதல் 6.8 வரை நல்ல பதம். 6.9-க்கு மேல் கல் சோம்பேறித்தனமாகக் கரையும். 6.4-க்குக் கீழே துண்டுகளின் மேற்பரப்பு குழைந்து, ஒன்றோடொன்று ஒட்டிச் சேறாகும்.

பிஎச்சைப் பார்த்து சோலனாய்டைத் திறந்து மூடும் கண்ட்ரோலரைப் பற்றி என் கருத்து பலரிடமிருந்து மாறுபடும். வாயுவைத் தாராளமாகத் திறந்துவிட்டு, 6.7 வந்ததும் சோலனாய்டு மூடட்டும் என்று கண்ட்ரோலரிடம் முழுப் பொறுப்பையும் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. சோலனாய்டு ஒரு நாள் திறந்தபடியே சிக்கிக்கொண்டால் வாயு முழு வேகத்தில் கொட்டும். நீடில் வால்வைக் கொண்டே பிஎச் தானாக 6.7 பக்கம் நிற்கும்படி குமிழ் எண்ணிக்கையை அமையுங்கள். கண்ட்ரோலர் 6.5-இல் மூடும்படி இருக்கட்டும். அது காவல்காரன் மட்டுமே.

மூன்றாம் நாள் வெளியேறும் நீரின் கேஎச்சை அளங்கள். சாதாரண டெஸ்ட் கிட்டில் அந்த அளவு எல்லையைத் தாண்டும். ஒரு பங்கு நீரோடு மூன்று பங்கு ஆர்ஓ நீர் கலந்து அளந்து, விடையை 4-ஆல் பெருக்குங்கள். வாயு பறந்தாலும் கேஎச் மாறாது, ஆகவே இந்த அளவீட்டுக்கு அவசரம் இல்லை.

பிறகு தொட்டியின் கேஎச். பத்து நாள், தினமும் ஒரே நேரத்தில். ஏறினால் நிமிடத்துக்கு ஓரிரு குமிழ் குறையுங்கள், இறங்கினால் ஓரிரு குமிழ் கூட்டுங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பின் இரண்டு நாள் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். இந்த இரண்டு நாள் பொறுமைதான் இந்தக் கருவியில் கடினமான பகுதி. பிஎச் 6.55-ஐத் தொட்டும் கேஎச் போதவில்லை என்றால் அப்போது மட்டும் நீரோட்டத்தைப் பத்து சதவீதம் கூட்டி, மறுபடி முதலிலிருந்து. நாளுக்கு 1 டிகேஎச்சுக்கு மேல் ஏற விடாதீர்கள். அக்ரோபோராவின் முனைகள் வெளுத்துக் கருகுவதை அடுத்த வாரம் பார்ப்பீர்கள்.

மக்கர் செய்யும்போது

*நீர் வருவது குறைகிறது, அல்லது நின்றுவிட்டது.* மிக அடிக்கடி வருவது இதுதான். காரணம் பெரும்பாலும் வெளியேறும் முனையில். அங்கே வாயு பறந்ததும் பிஎச் ஏறி, கரைந்த கல் மீண்டும் படிந்து முனையை அடைக்கும். குழாயின் நுனியை நீருக்குள் மூழ்கடித்தால் படிவு குறையும். வினிகரில் ஊறவைத்தால் சுத்தமாகும். பம்ப்பின் உள்குழாய் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஓட்டம் குறைந்ததும் அதே வாயு குறைந்த நீரில் கரைவதால் கலத்தின் பிஎச் இறங்கும் என்பதை நினைவில் வையுங்கள். ‘பிஎச் திடீரென்று விழுந்துவிட்டது’ என்று வாயுவைக் குறைக்கப் போகும் முன், அளவு ஜாடியை எடுத்து நீரை அளங்கள்.

*பிஎச் இறங்கவே மாட்டேன் என்கிறது.* சிலிண்டர் காலியா, சோலனாய்டுக்கு மின்சாரம் வருகிறதா, செக் வால்வு திறக்கிறதா என்ற வரிசையில் பாருங்கள். குமிழ் ஓடிக்கொண்டே இருந்தும் இறங்காவிட்டால், குப்பிக்கும் கலத்துக்கும் நடுவே கசிவு, இல்லையேல் ப்ரோப் பொய் சொல்கிறது. சுழற்சி பம்ப்பை ஒரு நிமிடம் அணைத்துப் பாருங்கள். அணைத்த நொடியே எண் தாவினால் பம்ப்பிலிருந்து நீரில் மின் கசிவு இருக்கிறது. அந்தப் பம்ப்பை மாற்றிவிடுங்கள்.

*பம்ப் கரகரவென்று சத்தமிடுகிறது.* கலத்தின் உச்சியில் வாயு தேங்கி, பம்ப் அதை விழுங்குகிறது. உச்சி வால்வைத் திறந்து வெளியேற்றுங்கள். மறுநாளும் அதே நிலை என்றால் கரையும் அளவைவிட வாயு அதிகம். குமிழைக் குறையுங்கள்.

*தொட்டியின் பிஎச் குறைந்தே இருக்கிறது.* வெளியேறும் நீரில் கல்லைக் கரைப்பதில் செலவாகாத வாயு மிச்சம் இருப்பதால், ரியாக்டர் ஓடும் தொட்டியில் பிஎச் சிறிது தாழ்வது இயல்பு. 7.8-க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால்தான் கவலை. வெளியேறும் நீரை ஸ்கிம்மரின் (காற்றுக் குமிழ்களால் நீரின் அழுக்கைப் பிரிக்கும் கருவி) வாய்க்கருகில் விடுங்கள். அங்கே காற்றோடு கலந்து வாயு கொஞ்சம் பறக்கும். இரண்டாவதாக மீடியா மட்டும் நிரப்பிய ஒரு கலத்தைத் தொடரில் சேர்த்தால், மிச்ச வாயு அந்தக் கல்லைக் கரைப்பதில் செலவாகிவிடும். எனக்குக் கைகொடுத்தது இதுவே. ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை வெளிக்காற்றுக்கு நீட்டுவதும், இரவில் விளக்கெரியும் பாசித் தொட்டி வைப்பதும் உதவும். இரவில் சுண்ணாம்பு நீர் சொட்ட விடுபவர்கள், அதை ரியாக்டர் நீர் விழும் இடத்திலிருந்து தள்ளியே விட வேண்டும். இரண்டும் செறிவாகச் சந்தித்தால் வெள்ளைப் பொடியாகப் படிந்து, இரண்டின் பயனும் போகும்.

*கேஎச் ஏறுகிறது, கால்சியம் மட்டும் குறைகிறது.* இதைக் கேட்டதும் ரியாக்டரைத் திருகக் கை நீளும். தொடாதீர்கள். ரியாக்டர் 1 டிகேஎச் தரும்போது கூடவே ஏறத்தாழ 7 பிபிஎம் கால்சியத்தைத் தந்தே ஆக வேண்டும். கல்லின் விகிதம் அது, எந்தத் திருகும் அதை மாற்றாது. ஆகவே கோளாறு வேறிடத்தில்: உப்புச் செறிவு குறைந்திருக்கலாம், டெஸ்ட் கிட் காலாவதியாகியிருக்கலாம், நீர் மாற்றும் உப்பில் கேஎச் மிகுந்திருக்கலாம், தொடக்கத்திலேயே சமன் இல்லாமல் ஆரம்பித்திருக்கலாம். கால்சியம் குளோரைடு கரைசலால் ஒருமுறை சரிசெய்துவிட்டு இரண்டு வாரம் கவனியுங்கள். மெக்னீசியமும் இதே போல. அரகோனைட்டில் அது சொற்பமே. கலத்தில் டோலமைட் (மெக்னீசியம் உள்ள கல்) சேர்ப்பதைவிட, மாதம் ஒருமுறை அளந்து தனியாகக் கரைசல் ஊற்றுவதையே நான் விரும்புகிறேன். எவ்வளவு சேர்ந்தது என்று தெரியும்.

*ஹீட்டரிலும் பம்ப்பிலும் வெள்ளைப் படிவு.* கேஎச், கால்சியம் இரண்டையும் மிக உயரத்தில் வைத்திருக்கிறீர்கள், அல்லது மெக்னீசியம் தாழ்ந்துவிட்டது. பவளம் கட்ட வேண்டிய கல்லை ஹீட்டர் கட்டிக்கொண்டிருக்கிறது.

பராமரிப்பு, பயணம்

மாதம் ஒருமுறை ப்ரோப்பைப் பஃபரில் சரிபார்த்து, நீரோட்டத்தை ஜாடியில் அளக்க வேண்டும். மீடியா மூன்றில் ஒரு பங்கு இறங்கியதும் நிரப்புங்கள். நிரப்பிய சில நாள் வெளியேறும் நீரின் கேஎச் சற்றே மாறும் என்பதால் தொட்டியைத் தினமும் அளங்கள். வருடம் ஒருமுறை பம்ப்பையும் கலத்தையும் கழற்றி சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து, செக் வால்வையும் ஓ-ரிங்கையும் புதிதாக மாற்றுங்கள்.

மின்சாரம் போனால் சோலனாய்டு தானாக மூடும். ஆபத்து மின்சாரம் திரும்பும்போதுதான். சோலனாய்டு திறந்துவிடும், சுழற்சி பம்ப் காற்றில் சிக்கிச் சுழலாமல் நிற்கலாம். மின்சாரம் வந்த பிறகு ஒருமுறை கலத்தருகே நின்று பம்ப்பின் சத்தத்தைக் கேளுங்கள்.

ஊருக்குப் போகும்போது, தொட்டியைப் பார்த்துக்கொள்பவரிடம் நீடில் வால்வைப் பற்றி விளக்க வேண்டாம். ஏதாவது வழக்கத்துக்கு மாறாகத் தோன்றினால் சிலிண்டரின் பெரிய வால்வை மூடிவிடச் சொல்லுங்கள், எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று அதன் மேலேயே அம்புக்குறி ஒட்டிவிடுங்கள். நமது 400 லிட்டர் தொட்டியில் ரியாக்டர் நின்றால் இரண்டே நாளில் கேஎச் 8-இலிருந்து 5-ஐ நெருங்கும். அதற்காக ஒரு நாளைக்கு 18 கிராம் வீதம் சோடியம் பைகார்பனேட்டை எடையிட்டு, நாள் எழுதிய சிறு பாக்கெட்டுகளாகக் கட்டி வையுங்கள். வாயு மூடிய நாட்களில் ஒரு பாக்கெட்டை ஒரு குவளை ஆர்ஓ நீரில் கரைத்து, சம்ப்பில் நீர் வேகமாக ஓடும் இடத்தில் மெல்ல ஊற்றினால் போதும். கால்சியம் அந்தச் சில நாட்களுக்குக் கொஞ்சம் இறங்கினாலும் பவளம் தாங்கிக்கொள்ளும்.